ஒன்டிரைவ் ஃபோல்டரே 112 ஜிபி சாப்பிடுது, லேப்டாப்ல டிலீட் பண்ணா க்ளவுட்ல இருக்குமா?

செம்பூர்க்காரி:

வணக்கம் எல்லாருக்கும். தெரிஞ்சவங்க சொல்லுங்க, கொஞ்சம் அவசரம். நான் சின்ன வியாபாரிங்களுக்கு கணக்கு எழுதிக் குடுக்கறேன், ஜிஎஸ்டி, இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் எல்லாம். பாதி நாள் வீட்ல, பாதி நாள் மஸ்ஜித் பந்தர்ல பார்ட்டிங்க கடையிலயே உக்காந்து வேல. லேப்டாப்ல 256 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, அது 238னுதான் காட்டும், அதுல இப்போ மிச்சம் வெறும் 6 ஜிபி. சி டிரைவ் செவப்பா நிக்குது, எக்செல் ஒரு ஃபைல் சேவ் பண்ணவே யோசிக்குது, 20ந்தேதி வந்தா 3பி, அதான் ஜிஎஸ்டி ரிட்டர்ன், போடணும், அதுக்குள்ள மெஷின் படுத்துடுமோன்னு பயமா இருக்கு.

எங்க போச்சு இடம்னு பாத்தா ஒன்டிரைவ் ஃபோல்டர்ல ரைட் க்ளிக் ப்ராப்பர்டீஸ் போட்டா 112 ஜிபினு வருது. பார்ட்டிங்களோட பழைய வருஷ பில் ஸ்கேன், அதோட குடும்ப ஃபோட்டோ, நாத்தனார் கல்யாண வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான். ஒன்டிரைவ் சேந்து வர்ற மைக்ரோசாஃப்ட் 365க்கு வருஷா வருஷம் பணம் கட்றேன், 1 டிபி க்ளவுட்ல இருக்கு, அதுல கால்வாசி கூட ரொம்பல. அப்போ க்ளவுட்ல ஒரு காப்பி இருக்குல்ல, லேப்டாப்ல இருக்கறத டிலீட் பண்ணிடலாமான்னு தோணுது. பையன் கூடாதுங்கறான், வீட்டுக்காரர் பண்ணுங்கறார். யாரு சொல்றது சரி?


டோம்பிவிலி ஃபாஸ்ட்:

பையன் சொல்றதுதான் சரி. டிலீட்ல கை வைக்காதீங்க!! ஒன்டிரைவ் ஃபோல்டர்ல டிலீட் பண்ணா க்ளவுட்லயும் போகும், ஃபோன்லயும் போகும், அந்த அக்கவுண்ட் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் போகும். ஃபோல்டர் மேல ரைட் க்ளிக் பண்ணுங்க, "ஃப்ரீ அப் ஸ்பேஸ்"னு வரும், அத அமுக்குங்க. முடிஞ்சது வேல.


லாமிங்டன் ரோடு:

மேடம் இதெல்லாம் ரெண்டு மாசத்துக்கு தாங்கும், அப்புறம் மறுபடி ரொம்பிடும். 1 டிபி எஸ்எஸ்டி வாங்கி மாத்திடுங்க, பழைய டிஸ்க்ல இருக்கறத அப்படியே புதுசுல க்ளோன் பண்ணி கொடுக்கறவங்க இங்க கல்லிக்கு கல்லி இருக்காங்க. தலைவலி போச்சு.


டோம்பிவிலி ஃபாஸ்ட்:

அரே பாய், 20ந்தேதி ரிட்டர்ன் வச்சிட்டு இப்போ போய் லேப்டாப்ப கடைல கழட்டிப் போடச் சொல்றீங்களா? பார்ட்டிங்க பேன் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதுக்குள்ள இருக்கு.


சயான் கோலிவாடா:

அக்கா, மேல சொன்ன ஃப்ரீ அப் ஸ்பேஸ் சரிதான், ஆனா அத அமுக்கறதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுகிட்டு அமுக்குங்க, உங்க வேலைக்கு அது முக்கியம். நான் ஆபீஸ்ல ஐடி சப்போர்ட்தான் பாக்கறேன், தினமும் யாராவது ஒருத்தர் இதே கேள்வியோட வருவாங்க.

2017ல விண்டோஸ் 10க்கு வந்த ஒரு அப்டேட்லேர்ந்து ஒன்டிரைவ்ல "ஃபைல்ஸ் ஆன்-டிமாண்ட்"னு ஒரு வசதி இருக்கு. ஃபைல் பேரு, தேதி, சைஸ் எல்லாம் எக்ஸ்ப்ளோரர்ல தெரியும் ஆனா உள்ள இருக்கற சரக்கு க்ளவுட்ல மட்டும்தான் இருக்கும், நீங்க டபுள் க்ளிக் பண்ணும்போதுதான் இறங்கும். தாதர் ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல பெட்டிய வச்சிட்டு சீட்ட மட்டும் கைல வச்சிக்கிற மாதிரி. ஃபைலுக்குப் பக்கத்துல ஸ்டேட்டஸ்னு தலைப்பு போட்ட ஒரு வரிசை இருக்கும் பாருங்க, அதுல நீலக் கலர் மேகம் இருந்தா லேப்டாப்ல இல்ல, க்ளவுட்ல மட்டும். வெள்ளை வட்டத்துல பச்சை டிக் இருந்தா எப்பவோ தொறந்திருக்கீங்க, இறங்கி உக்காந்திருக்கு. முழுப் பச்சை வட்டத்துல வெள்ளை டிக் இருந்தா "ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்" போட்டு நீங்களே பிடிச்சு வச்சிருக்கீங்கன்னு அர்த்தம். ரெண்டு நீல அம்பு சுத்திகிட்டு இருந்தா இன்னும் ஏறி முடியல, அது முடியாம ஃப்ரீ அப் ஆகாது, ஆகவும் கூடாது.

ப்ராப்பர்டீஸ்ல ரெண்டு வரி இருக்கும், "சைஸ்", அதுக்குக் கீழ "சைஸ் ஆன் டிஸ்க்". நீங்க பாத்த 112 முதல் வரின்னு நினைக்கறேன். எல்லாத்தையும் ஃப்ரீ அப் பண்ணாலும் முதல் வரி 112தான் காட்டும், மாறாது, அதப் பாத்துட்டு ஒண்ணுமே ஆகலன்னு நிறைய பேரு அதுக்கப்புறம் டிலீட் பண்ணப் போயிடறாங்க. உண்மையா டிஸ்க்ல எவ்ளோ இருக்குங்கறது ரெண்டாவது வரிதான்.

இப்போ முக்கியமான விஷயம். மஸ்ஜித் பந்தர்ல உக்காந்து வேலன்னு சொல்றீங்க, அந்தப் பழைய கட்டடத்துக்குள்ள நெட்வொர்க் எப்படி வரும்னு உங்களுக்கே தெரியும். மழை பெஞ்சா வீட்டு ப்ராட்பேண்டும் மூச்சு விடாது. நீல மேகம் போட்ட ஃபைல் நெட் இல்லாம தொறக்கவே தொறக்காது, பார்ட்டி முன்னாடி உக்காந்துகிட்டு சக்கரம் சுத்தறத பாத்துட்டு இருக்கணும். அதனால ஃபோல்டர பிரிச்சுக்குங்க. இந்த வருஷம், போன வருஷம் பார்ட்டி ஃபோல்டர் மேல ஆல்வேஸ் கீப் போட்டுடுங்க. பழைய வருஷம், ஃபோட்டோ, கல்யாண வீடியோ இதெல்லாம் ஃப்ரீ அப். மொத்த ஒன்டிரைவ் மேல ஒரே அமுக்கா அமுக்காதீங்க.


செம்பூர்க்காரி:

ரொம்ப தேங்க்ஸ் தம்பி, இவ்ளோ பொறுமையா யாரும் சொன்னதில்ல. ரெண்டாவது வரி பாத்தேன், அதுவும் கிட்டத்தட்ட 112தான், அப்போ எல்லாமே இறங்கித்தான் கெடக்கு. ஒரு சந்தேகம், ஃப்ரீ அப் பண்றதுக்கு முன்னாடி ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல எல்லாத்தையும் ஒரு காப்பி போட்டு வச்சிடட்டுமா? இல்ல க்ளவுட்ல இருக்குன்னா அது தேவையில்லையா?


தொண்ணூறடி ரோடு:

நான் சொல்லுதேன் அக்கா. கண்டிப்பா போடுங்க, அதுவும் முதல்ல போடுங்க, ஃப்ரீ அப் பண்ணதுக்கு அப்புறம் போடலாம்னு வைக்காதீங்க. ஏன்னா மேகமா இருக்கற ஃபைல எக்ஸ்டர்னல்க்கு காப்பி பண்ணப் போனீங்கன்னா அது முதல்ல சி டிரைவ்ல இறங்கி அப்புறம்தான் எக்ஸ்டர்னல்க்கு போவும், இறங்கினது அங்கயே உக்காந்துக்கிடும். 100 ஜிபி காலி பண்ணிட்டு 100 ஜிபி காப்பி எடுக்கப் போனா திரும்ப டிஸ்க் ரொம்பி பாதில நிக்கும். இப்போ எல்லாமே லேப்டாப்ல இருக்குல்ல, இதுதான் சரியான நேரம், நெட்டு கூட வேண்டாம்.

இன்னொண்ணு, காப்பி பண்ணுங்க, கட் பண்ணி பேஸ்ட் பண்ணிராதீங்க. ஒன்டிரைவ் ஃபோல்டர்லேர்ந்து ஒரு ஃபைல வெளிய நகத்தினா க்ளவுட்டுக்கு அது டிலீட் ஆன மாதிரிதான் தெரியும். டெஸ்க்டாப்புக்கு நகத்தினா ஒண்ணும் ஆவாதுன்னு நினைப்பீங்க, அது பாதி சரி, ஏன்னா விண்டோஸ் 11ல நிறைய பேருக்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூணுமே ஒன்டிரைவுக்குள்ளதான் இருக்கு, செட்டப் பண்ணும்போது நெக்ஸ்ட் நெக்ஸ்ட் போட்டா அப்படித்தான் ஆவும்.

க்ளவுட்ல இருக்குன்னு நம்பி மட்டும் இருக்கறது எனக்கு எப்பவும் ஒத்துக்காது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கறதுதான் சிங்க், ஒரு பக்கம் கெட்டா மறு பக்கமும் கெடும். தெரியாம டிலீட் ஆனா ஒன்டிரைவ் ரீசைக்கிள் பின்ல சொந்த அக்கவுண்டுக்கு 30 நாள், ஆபீஸ் அக்கவுண்டுக்கு சாதாரணமா 93 நாள் இருக்கும், அதுக்கு மேல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. வருமான வரி நோட்டீஸ் எல்லாம் 30 நாளுக்குள்ளயா வருது?


செம்பூர்க்காரி:

நோட்டீஸ் பத்தி என்கிட்டயே சொல்றீங்களா 😄 மூணு வருஷம் கழிச்சு வந்து பில்லு எங்கன்னு கேப்பாங்க. சரி, ஹார்ட் டிஸ்க் வீட்ல ஒண்ணு இருக்கு, ராத்திரி போட்டு விடறேன்.


பாந்த்ரா கிழக்கு:

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும், எனக்கு மேக்புக், ஐக்ளவுட்ல இதே கதை. அங்க ஃப்ரீ அப் ஸ்பேஸ்னு ஒண்ணும் காணோமே?


சயான் கோலிவாடா:

மேக்ல பேரு வேற. ஃபைண்டர்ல ஐக்ளவுட் டிரைவுக்குள்ள இருக்கற ஃபைல் மேல ரைட் க்ளிக் பண்ணா "ரிமூவ் டவுன்லோட்"னு வரும், அதேதான் இது. "மூவ் டு பின்" போட்டா எல்லா எடத்துலேர்ந்தும் போயிடும், ரெண்டும் ஒரே மெனுல இருக்கு, கை தவறாம. தானா நடக்கணும்னா சிஸ்டம் செட்டிங்ஸ்ல மேல உங்க பேர தொடுங்க, ஐக்ளவுட், அதுல டிரைவ், "ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்" ஆன் பண்ணுங்க. ஆனா ஆன் பண்ண உடனே இடம் வந்துடாது, டிஸ்க் நெருக்கடி ஆகும்போதுதான் அது பழச ஒண்ணொண்ணா வெளிய அனுப்பும். ஃபோட்டோஸ் ஆப்புக்கு தனியா அதே மாதிரி ஒரு செட்டிங் இருக்கு, அதுவும் பாருங்க. மேக் சந்தேகம் இன்னும் இருந்தா தனியா ஒரு இழை போடுங்க, அக்கா விஷயம் முடியட்டும்.


செம்பூர்க்காரி:

வந்துட்டேன். எக்ஸ்டர்னல்ல காப்பி போட்டாச்சு, நாலஞ்சு ஃபைல் தொறந்து பாத்தேன், நல்லா இருக்கு. அப்புறம் தம்பி சொன்ன மாதிரி ரெண்டு வருஷ பார்ட்டி ஃபோல்டர பச்சை பண்ணிட்டு மத்ததெல்லாம் ஃப்ரீ அப் போட்டேன். சைஸ் 112லயே நிக்குது, சைஸ் ஆன் டிஸ்க் 31. மெஷின் இப்பவே மூச்சு விடுது. ஆனா பச்சை பண்ண ஃபோல்டர் ரெண்டும் சேத்து 9 ஜிபிதான், மீதி 22 எங்க இருக்கு? அதோட பையன் இதே லேப்டாப்ல கூகுள் டிரைவ் போட்டு வச்சிருக்கான், கூகுள் ஒன்ல 100 ஜிபி எடுத்திருக்கோம், அது ஒரு 38 ஜிபி பிடிச்சிகிட்டு இருக்கு. அதுல ஃப்ரீ அப் ஸ்பேஸ் வரல.


டோம்பிவிலி ஃபாஸ்ட்:

அவுட்லுக் யூஸ் பண்றீங்களா?


செம்பூர்க்காரி:

ஆமா, பழைய அவுட்லுக்தான். பார்ட்டிங்க மெயில் எல்லாம் அதுலதான், பத்து வருஷத்து மெயில்.


டோம்பிவிலி ஃபாஸ்ட்:

அதான். டாக்குமென்ட்ஸ்க்குள்ள அவுட்லுக் ஃபைல்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், உள்ள பெரிய சைஸ்ல ஒரு பிஎஸ்டி ஃபைல் இருக்கும் பாருங்க, மெயில் எல்லாம் அதுக்குள்ளதான். டாக்குமென்ட்ஸே ஒன்டிரைவுக்குள்ள இருக்கறதால அதுவும் உள்ள வந்திடுச்சு. அவுட்லுக் தொறந்திருக்கற வரைக்கும் அத பிடிச்சிகிட்டே இருக்கும், ஒரு மெயில் வந்தாலும் ஃபைல் மாறும், ஒன்டிரைவ் திரும்பத் திரும்ப அத ஏத்தப் பாக்கும். ஃப்ரீ அப் ஆகாது, ஆகவும் வேண்டாம்.


சயான் கோலிவாடா:

சரியாப் பிடிச்சீங்க. அக்கா, பிஎஸ்டி, கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேரோட டேட்டா ஃபோல்டர் இந்த மாதிரி ஓடிகிட்டே இருக்கற ஃபைல் எதுவும் சிங்க் ஃபோல்டருக்குள்ள இருக்கவே கூடாது. டேலி எழுதிகிட்டு இருக்கும்போது ஒன்டிரைவ் வந்து அத தூக்கப் பாத்தா டேட்டா கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு. டேலி எங்க இருக்குன்னு இப்பவே பாத்துக்குங்க, ஒன்டிரைவுக்குள்ள இருந்தா வெளிய ஒரு ஃபோல்டருக்கு மாத்தி, டேட்டா அங்கதான் இருக்குன்னு டேலி செட்டிங்ல காட்டுங்க. க்ளவுட்ல வேணும்னா டேலியோட பேக்கப் எடுத்து அந்த பேக்கப் ஃபைல மட்டும் ஒன்டிரைவ்ல போடுங்க, அது அசையாத ஃபைல், பிரச்சனை இல்ல.

பிஎஸ்டிக்கு, அவுட்லுக்க மூடுங்க, ஒன்டிரைவ் சிங்க்க கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க, சி டிரைவ்ல ஒன்டிரைவுக்கு வெளிய மெயில்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்கு காப்பி பண்ணுங்க. அப்புறம் பழைய ஃபைல் பேர மாத்தி வைங்க. அவுட்லுக் தொறந்தா ஃபைல் காணோம்னு கேக்கும், புது எடத்தக் காட்டுங்க. மெயில் எல்லாம் வந்துடுச்சான்னு நல்லா பாத்துட்டு அப்புறம் பழைய பிஎஸ்டிய டிலீட் பண்ணுங்க. இந்த ஒரு ஃபைல மட்டும் டிலீட்தான் பண்ணணும், க்ளவுட்லேர்ந்தும் போகட்டும். எக்ஸ்டர்னல்ல அப்பப்போ ஒரு காப்பி போட்டுக்குங்க. இதனால ஒன்டிரைவ் கணக்கு குறையுமே தவிர சி டிரைவ்ல இடம் கூடாது, பிஎஸ்டி லேப்டாப்லதானே இருக்கு. கூகுள் பக்கம்தான் உங்களுக்கு நெஜமான லாபம் இருக்கு.


தொண்ணூறடி ரோடு:

கூகுள் நான் சொல்லுதேன், எங்க கடைல அதான் ஓடுது. கூகுள் டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்ல ரெண்டு விதம் உண்டு, ஸ்ட்ரீம், மிரர். மிரர்னா மொத்தமும் லேப்டாப்ல ஒரு காப்பி இருக்கும், உங்க பையன் அதத்தான் போட்டிருக்கான் 38 ஜிபின்னா. ஸ்ட்ரீம்னா தேவைப்படும்போது இறங்கும். டாஸ்க்பார்ல கூகுள் டிரைவ் ஐகான், அதுல சக்கரம், ப்ரிஃபரன்சஸ், இடது பக்கம் கூகுள் டிரைவ்னு இருக்கும், அங்க ஸ்ட்ரீம் ஃபைல்ஸ் தேர்ந்தெடுத்து சேவ் பண்ணுங்க. எக்ஸ்ப்ளோரர்ல ஜி டிரைவ்னு புதுசா ஒண்ணு வரும், அது தனி டிஸ்க் இல்ல, பாக்க மட்டும்தான் அப்படி.

இங்கதான் நிறைய பேரு ஏமாறுதாங்க. ஸ்ட்ரீமுக்கு மாத்தினாலும் பழைய மிரர் ஃபோல்டர் லேப்டாப்ல அப்படியே கெடக்கும், அது தானா போவாது. எல்லாம் ஏறி முடிஞ்சிருக்கான்னு ஐகான்ல பாத்துட்டு, ப்ரௌசர்ல டிரைவ் தொறந்து ஃபைல் எல்லாம் இருக்கான்னு ஒருக்கா சரி பாத்துட்டு, அந்தப் பழைய ஃபோல்டர நீங்களே கையால டிலீட் பண்ணணும், ரீசைக்கிள் பின்னயும் காலி பண்ணணும். மேல ஒன்டிரைவுக்கு டிலீட் கூடாதுன்னாங்க, இங்க டிலீட் பண்ணச் சொல்லுதேன், குழம்பிக்காதீங்க. ஸ்ட்ரீமுக்கு மாறினதும் அந்தப் பழைய ஃபோல்டருக்கும் க்ளவுட்டுக்கும் தொடர்பு அறுந்துடும், அதான் காரணம். ஜி டிரைவுக்குள்ள போய் டிலீட் பண்ணா மட்டும் க்ளவுட்லேர்ந்தே போயிடும்.

அதே ப்ரிஃபரன்சஸ்ல மை கம்ப்யூட்டர்னு ஒண்ணு இருக்கும், அங்க ஏதாவது ஃபோல்டர் சேத்திருந்தா அது ஸ்ட்ரீம் ஆவாது, லேப்டாப்லயேதான் இருக்கும், பையன்கிட்ட கேட்டுக்கிடுங்க.


லாமிங்டன் ரோடு:

இவ்ளோ படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் எஸ்எஸ்டி மாத்தி வீட்டுக்கே வந்து கொடுத்திருப்பேன்.


சயான் கோலிவாடா:

மாத்திட்டா புது டிஸ்க்லயும் மிரர்தானே ஓடும் 😄 இருந்தாலும் அவர் சொல்றது முழுசா தப்பில்ல, லேப்டாப்ல எஸ்எஸ்டி சொருகற எம்.2 ஸ்லாட் இருந்து, ரிட்டர்ன் வேலையெல்லாம் முடிஞ்சதும் பெரிசு பண்ணிக்கலாம். 256ங்கறது இப்போ கணக்கு வேலைக்குக் கூட நெருக்கம்தான்.

அக்கா, கடைசியா ஒரு செட்டிங். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் சென்ஸ் போங்க. கீழ ஒன்டிரைவ்னு வரும், எவ்ளோ நாள் தொறக்காத ஃபைல் க்ளவுட்டுக்குப் போகணும்னு கேக்கும், 60 நாள் வைங்க. 1 நாள் வைக்காதீங்க, காலைல பாத்த பில் மறுநாள் மேகமாயிடும். பச்சை பண்ண ஃபோல்டர அது தொடாது. அதே பக்கத்துல டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் ஒரு கேள்வி இருக்கும், அது நிஜமாவே டிலீட் பண்ற கேள்வி, அத நெவர்லயே விட்டுடுங்க. ஜிஎஸ்டி போர்ட்டல்லேர்ந்து இறக்கினதெல்லாம் அங்கதானே கெடக்கும்.


செம்பூர்க்காரி:

கூகுள் மாத்தி பழைய ஃபோல்டரும் எடுத்தாச்சு. 6 இருந்த எடத்துல இப்போ 125 காட்டுது. பிஎஸ்டி 14 ஜிபி இருந்துச்சு, அத ஞாயித்துக்கிழமை நிதானமா நகத்தறேன். டேலி நல்லவேளையா வெளியதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு, அடுத்த வருஷம் 365 கட்ட மறந்துட்டா க்ளவுட்ல இருக்கறதெல்லாம் என்ன ஆகும்?


தொண்ணூறடி ரோடு:

இலவசம் 5 ஜிபிதான், அதுக்கு மேல இருக்கறதுனால புதுசா எதுவும் ஏறாது. ரொம்ப நாள் அப்படியே விட்டா அழிச்சிடவும் அவங்களுக்கு உரிமை இருக்கு. எக்ஸ்டர்னல்ல போட்டீங்கல்ல, அத பீரோல வச்சு மறந்துறாதீங்க, மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுத்து புதுசா சேந்த ஃபைல மட்டும் காப்பி போடுங்க. பச்சை ஃபோல்டர்லேர்ந்து போடுங்க, அது லேப்டாப்லயே இருக்கறதால நெட்டும் தேவையில்ல.